டேபிள்டாப் ஆட்டத்துக்கு ஓர் ஏலியன் இனம்: முதல் படியிலிருந்து

டேபிள்டாப் ஆட்டம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதற்கு ஏலியனை உருவாக்க உட்காரும் பலரும் முதலில் தோற்றத்தைத்தான் யோசிக்கிறார்கள். நீலத் தோல், கூர்க்காது, நெற்றியில் கொம்பு. அப்படிப் பிறந்த இனம் ஆட்டத்துக்கு வந்ததும் மனிதரைப் போலவே பேரம் பேசும், மனிதரைப் போலவே கோபப்படும். அதனால் தோற்றத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த விவரத்தால் பிளேயர் எதை வேறு மாதிரி செய்ய வேண்டியிருக்கும்? பதில் கிடைக்காவிட்டால், எவ்வளவு அழகான விவரமானாலும் வெட்டிவிடுங்கள்.

உதாரணத்துக்கு, விண்வெளிக் கதைகளுக்கான டிராவலர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 1977-ல் வெளிவந்தது, ஆறுமுகப் பகடை இரண்டு இருந்தால் போதும். வேறு ஆட்டம் ஆடுகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: உண்மையான ஓர் இடத்தைப் பிடியுங்கள்

கற்பனைக் கிரகத்தை விட, விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருக்கும் இடம் புதியவர்களுக்கு நல்ல பிடிமானம். நான் எடுப்பது வியாழனின் துணைக்கோளான யூரோப்பா. நம் நிலாவை விடச் சற்றே சிறியது. மேலே கிலோமீட்டர் கணக்கில் பனி ஓடு; அதன் கீழே பூமியின் எல்லாக் கடல்களையும் சேர்த்தாலும் மிஞ்சும் அளவு உப்புநீர் இருப்பதாகக் கணிக்கிறார்கள். வியாழனின் ஈர்ப்பு அந்தத் துணைக்கோளை ஓயாமல் பிசைந்துகொண்டே இருப்பதால் உள்ளே வெப்பம் உண்டாகிறது. நாசா 2024 அக்டோபரில் ஏவிய யூரோப்பா கிளிப்பர் 2030-ல் வியாழனை அடையவிருக்கிறது.

இதிலிருந்து உடனே கிடைப்பவை: வெளிச்சம் இல்லை, வானம் இல்லை, நெருப்பு இல்லை. நெருப்பு இல்லாததால் உலோகத்தை உருக்க வழியில்லை. டிராவலர் கணக்கில் டெக் லெவல் 0, அதாவது தொழில்நுட்ப அளவுகோலின் அடிமட்டம். ஆனால் அறிவில் குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள், கதை இங்கேதான் பிறக்கும்.

படி 2: ஒரு புலனை மாற்றுங்கள்

இருட்டில் கண் எதற்கு? பூமியிலேயே விடை இருக்கிறது. சுறாவின் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகள், மணலுக்குள் புதைந்திருக்கும் மீனின் தசையிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மிக அருகில் இருந்தால்தான். நம் இனத்துக்கும் இதையே கொடுப்போம். ஒரு மீட்டருக்குள் இருப்பதை மின்சாரத்தால் உணர்வார்கள், மின்துடிப்புகளால் பேசுவார்கள். நெருங்கி நின்றால்தான் பேச்சே நடக்கும்.

இப்போது பிளேயரிடம் வாருங்கள். அவர் அணிந்திருக்கும் டைவிங் சூட்டில் பேட்டரி, ஹீட்டர், மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. எதிரே இருப்பவருக்கு அது காதுக்குள் ஓயாமல் கத்துவதற்குச் சமம். மரியாதையாகப் பேச வேண்டுமானால் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். நீரோ உறைநிலையில். விதியாக எழுதினால்: சூட்டை அணைத்த பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாக்குப்பிடிக்கும் திறனில் இரண்டு பகடை போட வேண்டும், கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தேறலாம், ஒவ்வொரு முறையும் அதில் மேலும் 1 கழியும். சூட் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சுவார்த்தைக்கு −3. குளிரைத் தாங்குவதா, அவமதிப்பதா என்று பிளேயர்கள் தங்களுக்குள் வாதிடத் தொடங்கினால், இந்தப் புலன் தன் வேலையைச் செய்துவிட்டது.

படி 3: பிறப்பும் சாவும்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பலர் ஆயுதத்துக்கும் கப்பலுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கலிபோர்னியாவின் மான்டரே கடலடிப் பள்ளத்தாக்கில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், ஒரு தாய் ஆக்டோபஸ் தன் முட்டைகளை 53 மாதங்கள் அடைகாத்ததை ஆய்வாளர்கள் 2007 முதல் 2011 வரை கண்டார்கள். அவள் இரை தின்றதை யாரும் பார்க்கவில்லை. பொதுவாக ஆக்டோபஸ் தாய், குஞ்சு பொரியும் காலத்தை ஒட்டி இறந்துவிடும். குளிர் கூடக் கூட முட்டை வளர்வதும் மெதுவாகும்.

இதைக் கொஞ்சம் நீட்டுங்கள். நம் இனத்தின் தாய் முப்பது ஆண்டுகள் ஒரே பாறைக்குகையில் அடைகாக்கிறாள். குஞ்சுகள் வெளிவருமுன் இறந்துவிடுகிறாள். அப்படியானால் பிள்ளைக்கு மொழி எங்கிருந்து வரும்? முப்பது ஆண்டுகளும் குகைச் சுவரில் செதுக்குகிறாள்: உணவு எங்கே, யாரை நம்பலாம், நீரோட்டம் எப்போது திரும்பும். பிள்ளைகள் அந்தச் சுவரைத் தடவித் தடவி வளர்கிறார்கள். மனிதர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் சுவரோர்.

பிளேயருக்கு இதில் என்ன? அவர் இங்கே செய்யும் எதையும் ஒரு தாய் செதுக்கக்கூடும். ஒரு திருட்டு, ஒரு பரிசு, ஒரு பொய், எதுவானாலும் அவளுடைய பிள்ளைகளுக்கு மனித இனத்தைப் பற்றிய முதல் பாடம் அதுதான்.

படி 4: உள்ளுக்குள் ஒரு சண்டை

ஓர் இனம் முழுக்க வீரர்கள், இன்னோர் இனம் முழுக்க வியாபாரிகள் என்று எழுதாதீர்கள். அவர்கள் எதைப் பற்றித் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை என்று கேளுங்கள். சுவரோரில் ஒரு தரப்புக்குத் தாயின் சுவரில் ஒரு கீறல்கூடக் கூடாது. இன்னொரு தரப்பு, நீரோட்டம் மாறிவிட்டது, பழைய சுவரை நம்பிப் போனவர்கள் பட்டினியால் செத்தார்கள், எனவே திருத்தியே ஆக வேண்டும் என்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். பிளேயர்கள் யாருக்கு உதவுவது என்று திணற வேண்டும்.

படி 5: எண்கள்

இதைச் சுருக்கமாக முடியுங்கள். டிராவலரில் ஆறு பண்புகள்: வலிமை, லாவகம், தாக்குப்பிடிக்கும் திறன், அறிவு, கல்வி, சமூக அந்தஸ்து. பல கைகள் இருப்பதால் லாவகத்துக்கு +2 கொடுங்கள். நீருக்கு வெளியே வலிமைக்கு −2. கூட்டிக் கழிப்பதை விட ஒரு பண்பையே மாற்றுவது நல்ல உத்தி. அந்த ஆட்டத்திலேயே நாய் வம்சத்தைச் சேர்ந்த வார்கர் இனத்துக்குச் சமூக அந்தஸ்து கிடையாது. கூட்டத்தை ஈர்க்கும் கவர்ச்சிதான் அந்த இடத்தில் நிற்கிறது. சுவரோருக்கு அந்த இடத்தில் ‘சுவர்’ என்று வையுங்கள்: தாய் விட்டுச் சென்ற அறிவு எவ்வளவு செறிவானது என்பதன் அளவு.

படி 6: தோற்றம், பிறகு ஆட்டம்

இப்போது வரையலாம். கண் இல்லை, முகமெங்கும் நுண்துளைகள், செதுக்கத் தேய்ந்த கைநுனிகள். இரண்டு வரி போதும்.

முதல் சந்திப்பில் எதையும் விளக்க வேண்டாம். சூட்டோடு நெருங்கும் பிளேயரைக் கண்டு அவர்கள் பின்வாங்குவதை மட்டும் சொல்லுங்கள். காரணத்தை பிளேயர்களே கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், அன்று நடந்ததை ஒரு தாய் எப்படிச் செதுக்கியிருப்பாள் என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த அமர்வை அந்த வரியை வாசித்தே தொடங்குங்கள்.