பிளஸ் ஒன் படிக்கும்போதே கல்லூரிப் பாடம்: காசில்லாமல் சேர்ந்து முடிப்பது எப்படி?

அக்கா மகள் குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும்போது நடந்தது. ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, நான் அஞ்சு கோர்ஸ்ல சேந்தாச்சு" என்றாள். அஞ்சும் கல்லூரிப் பாடம், அஞ்சும் ஃப்ரீ. ஆகஸ்ட் முடிவதற்குள் நாலு கோர்ஸ் போன இடம் தெரியவில்லை. மிஞ்சிய ஒன்றை முடித்தாள். அந்த ஒன்றை அவள் எப்படி முடித்தாள் என்பதுதான் இந்தப் பதிவு. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் யாரும் செய்யலாம்.

முதலில், எங்கே கிடைக்கிறது? மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஸ்வயம் தளத்தில். 2017 ஜூலையில் தொடங்கியது. அதற்குள் பல அமைப்புகள் பாடம் நடத்துகின்றன. வேலைக்கு உதவும் தொழில்நுட்பப் பாடங்களுக்குப் பெயர்போனது என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் ஆரம்பித்தது. சேர வயது வரம்பு இல்லை, மார்க் வரம்பு இல்லை, நுழைவுத்தேர்வும் இல்லை. வீடியோ, பாடக் குறிப்பு, வாராந்திர அசைன்மென்ட் எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: என்ன படிப்பது?

நம் ஊரில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: "பெரியப்பா மகன் என்ன படிச்சானோ அதைப் படி." அவன் படித்தது பத்து வருடம் முன்பு. அதை விடுங்கள். நீங்கள் ஆசைப்படும் வேலையைச் செய்யும் ஒருவரிடம் போய், "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட இது பலமடங்கு உதவும். குளச்சலில் போட் என்ஜின் பார்ப்பவர், தக்கலையில் ஜிஎஸ்டி கணக்கு எழுதுபவர், லேப் டெக்னீஷியன், நர்ஸ் என்று கேட்பதற்கு ஆளுக்கா பஞ்சம்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா தினமும் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க் ஐடி வளாகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறார். இவள் கேட்டதற்கு அவர், "அடுத்தவங்க எழுதின புரோகிராம்ல தப்பு தேடுறதுலயே பாதி நாள் போயிரும்" என்று சலித்துக்கொண்டார். இவளுக்கோ அது பிடித்துப்போயிற்று. சின்ன வயதிலேயே மளிகைக் கடைச் சீட்டில் கூட்டல் பிழை கண்டுபிடிக்கிற ஆள். அப்படித்தான் புரோகிராம் எழுதும் மொழியான பைதான் என்று முடிவானது.

படி 2: கணக்கு தொடங்குவது

மாணவர் பெயரிலேயே ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். அப்பா மெயிலில் சேர்ந்தால் நினைவூட்டல் எல்லாம் அவருக்குப் போகும், அவர் பார்க்கவே மாட்டார். அப்புறம் தேடுபொறியில் ஸ்வயம் என்று தேடி, முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இதே பாடங்களைக் காட்டி ஆறாயிரம் ரூபாய் கேட்ட ஒரு பயிற்சி மையத்தை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த எச்சரிக்கை. சைன் இன் பட்டனைத் தட்டி, அந்த ஜிமெயிலையே கொடுத்தால் போதும்.

பெயர் கேட்கும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நம் இனிஷியல் இருக்கிறதே, அதுதான் சிக்கல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து முன்னால் இருக்கும், இந்தத் தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். மார்க் ஷீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போடுங்கள், இனிஷியலைக் கடைசிக் கட்டத்தில். சான்றிதழ் வரை இதே பெயர்தான் தொடரும். செல்லப்பெயர் வேண்டாம்.

படி 3: கோர்ஸ் பக்கத்தைப் படிப்பது

முன்னோட்ட வீடியோவைப் பார்த்ததும் ஜாயின் பட்டனைத் தட்டிவிடுகிறோம். அதற்கு முன் கவனிக்க வேண்டியவை கீழே இருக்கின்றன. எத்தனை வாரம்: 4, 8, 12 என்று இருக்கும். முன் தகுதி: முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற வரி. பிறகு வாரவாரியான பாடப் பட்டியல். பட்டியலில் முதல் இரண்டு வாரத் தலைப்புகளே புரியவில்லை என்றால் அது இப்போது உங்களுக்கான கோர்ஸ் இல்லை. இவள் எடுத்தது 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைதான்', 12 வாரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களும் தொடர முடிகிற பாடம்.

எந்தப் பருவத்தில் சேர்வது என்பதும் முக்கியம். என்பிடெல் பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பிளஸ் டூ மாணவர்கள் ஜனவரிப் பக்கம் தலைவைக்கவே வேண்டாம்; மார்ச்சில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு வாராவாரம் அசைன்மென்ட் எழுத முடியாது. என்னைக் கேட்டால் இதற்குச் சரியான காலம் பிளஸ் ஒன் ஜூலைதான்.

படி 4: ஒன்றில் மட்டும் சேருங்கள்

ஃப்ரீ என்பதால் கை நிற்காது. நிறுத்துங்கள்.

படி 5: ஆங்கிலம்

பாதிப் பேர் விழுவது இங்கேதான். பாடம் ஆங்கிலத்தில், அதுவும் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒவ்வொரு உச்சரிப்பு. வீடியோ வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள், சப்டைட்டிலைப் போடுங்கள். பல என்பிடெல் பாடங்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்த எழுத்து வடிவமும் உண்டு. இருக்கிறதா என்று தேடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு மாதம் ஒதுக்க முடிந்தால் ஸ்போக்கன் டுட்டோரியல் பாருங்கள். ஐஐடி பம்பாயின் திட்டம், இலவசம். பத்து நிமிட அளவில் சின்னச் சின்ன வீடியோக்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரலே இருக்கிறது. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் மென்பொருள். வீடியோவில் சொல்லித்தருபவர் செய்வதை நீங்களும் கூடவே செய்ய வேண்டும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் கணக்குத் தாள் ஒன்றை இப்படிக் கற்றுக்கொண்டாலே கடைக் கணக்கு எழுதும் அளவுக்குக் கை பழகிவிடும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் இல்லாதவர்கள், அரசுப் பள்ளி என்றால் ஹைடெக் லேபில் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

போன் மட்டும்தான் என்றால் பைதான் எழுதி ஓட்டிப் பார்க்க கூகுள் கொலாப் என்ற இணையப் பக்கம் போதும், பிரவுசரிலேயே ஓடும். ஆனால் ஒரு தொல்லை உண்டு. பைதானில் சில வரிகள் உள்தள்ளி இருக்க வேண்டும். ஒரே தொகுதியில் வரும் வரிகள் எல்லாம் ஒரே அளவு. போன் கீபோர்டில் அவள் ஒரு வரிக்கு நாலு இடைவெளி, அடுத்த வரிக்கு மூன்று வைத்திருக்கிறாள். இன்டென்டேஷன் எரர், அதாவது உள்தள்ளல் பிழை, என்று வந்தது. இரண்டு சாயங்காலம் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கட்டத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வரிக்கு முன்னால் எத்தனை தட்டு என்று எண்ணுவது அதிலிருந்து பழக்கமாகிவிட்டது.

படி 6: வாராந்திர அசைன்மென்ட்

ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் கெடு தேதி உண்டு. கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. அதனால் அரைகுறையாக இருந்தாலும் முன்கூட்டியே ஒருமுறை அனுப்பிவையுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூலை கோர்ஸ் முடியும்போது ஐப்பசி மழை வந்துவிடும். கெடு இரவில் கரண்ட் போய், நெட் போய், ஒரு அசைன்மென்ட் அவளுக்குக் கை நழுவியது. அழுதாள். அழ வேண்டியதே இல்லை: 12 வாரக் கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், 8 வாரக் கோர்ஸில் சிறந்த 6.

படி 7: தேர்வு எழுதலாமா?

கோர்ஸில் சேர்ந்தாலே தேர்வுக்குப் பதிந்ததாக ஆகாது. அதற்குத் தனிப் படிவம், தனிக் கெடு. கட்டணம் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் என்ற அளவில் இருக்கும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் காட்டினால் சலுகை. பணம் கட்டும் முன் அந்தப் பருவத்துக் கட்டணத்தையும் எந்த ஊரில் மையம் என்பதையும் படிவத்திலேயே பாருங்கள்.

மதிப்பெண் இப்படி: அசைன்மென்ட் 25, தேர்வு 75. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். அசைன்மென்டில் 10, தேர்வில் 30. அசைன்மென்டில் 24 எடுத்தவர் தேர்வில் 28 எடுத்தால் சான்றிதழ் கிடையாது. அசைன்மென்ட் விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கி அனுப்புகிறவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

இந்தச் சான்றிதழைக் காட்டினால் கல்லூரியில் ஒரு பாடம் குறையுமா? தானாகக் குறையாது. பட்டப் படிப்பில் ஒரு செமஸ்டருக்கு 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு, அந்தக் கல்லூரி ஒப்புக்கொள்ளும் பாடங்களுக்கு. பள்ளியில் படிக்கும்போது முடித்ததை ஏற்பார்களா என்பதைச் சேரும் கல்லூரியிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் பணம் இடித்தால் தேர்வை விட்டுவிடுங்கள். பாடம் எப்படியும் உங்களுடையது.

தேர்வு எழுதுவதாக இருந்தால் ஹால் டிக்கெட்டை இரண்டு நாள் முன்பே பிரிண்ட் எடுங்கள், அசல் அடையாள அட்டையும் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. குலசேகரம், அருமனை பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வருகிறவர்கள் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். வழியில் நெரிசல் எப்போது தொடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.