எல்கேஜி ஃபீஸ் கட்டாத வருஷம்: கல்யாணப் பத்திரிகையும் டெய்லர் டேப்பும் வைத்து எழுத்து, எண் சொல்லிக்கொடுத்த விதம்

மகளுக்கு நாலு வயது ஆனதும் எல்கேஜிக்கு ஒரு பள்ளியில் விசாரித்தோம். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வீடு வந்து சேரும்வரை வீட்டுக்காரரும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை. அவருக்கு லோடு ஆட்டோ, எனக்கு வீட்டிலேயே தையல். ஐந்து வயது முடிந்தால் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அதுவரை நானே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிவதும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் வேறு வேறு என்று புரிந்தது.

(அங்கன்வாடி பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே அனுப்புங்கள். சாப்பாடு இருக்கிறது, கூட விளையாட நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களுக்கு மெயின் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும், மிஷினை விட்டுவிட்டுத் தினமும் என்னால் போய்வர முடியவில்லை. அதனால்தான் இந்தப் பாடு.)

என்னென்ன வேண்டும்

சிலேட்டு ஒன்று, பல்பம் ஒரு பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைகள், கிழித்த தினசரி காலண்டர் தாள்கள், ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை, தென்னங்குச்சி நூறு (புது விளக்குமாற்றிலிருந்து உருவியது, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்), ரப்பர் பேண்டு, டெய்லர் டேப். எனக்குக் கடையில் ஆன செலவு நூறு ரூபாய்க்குள்தான்.

247 எழுத்தும் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும் சுவர்ப்படத்தை மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். அதைப் பார்த்ததும் பாப்பா கேட்ட முதல் கேள்வி, "அம்மா, இது எல்லாத்தையும் நாளைக்கே படிக்கணுமா?" அதைக் கழற்றி அரிசிப் பானைக்கு அடியில் விரித்துவிட்டேன். நோட்டும் வேண்டாம். நோட்டில் தப்பாக எழுதியது அப்படியே நிற்கும், சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்துவிட்டுப் பிள்ளை அடுத்ததற்குப் போய்விடும். செல்போன் ஆப் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பத்து நிமிஷம் எழுத்து, அப்புறம் இரண்டு மணி நேரம் கார்ட்டூன் என்றுதான் எங்கள் வீட்டில் அது முடிந்தது.

நேரம்: காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் பதினைந்து. அதற்கு மேல் உட்கார வைத்தால் அவளும் அழுவாள், எனக்கும் கோபம் வரும்.

முதலில் ட, ப, ம

அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தொடங்கினால் இ-யிலேயே கை நின்றுவிடும். அவ்வளவு வளைவு நாலு வயதுக் கைக்கு வராது. ட வெறும் இரண்டு கோடு. ப-வுக்கு இன்னொரு கோடு கூட. இந்த இரண்டோடு ம-வையும் சேர்த்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வந்துவிடும். க வந்ததும் பக்கம், கட்டம். முதல் வாரத்திலேயே தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்டால் பிள்ளைக்கு வருகிற தெம்பே தனி.

புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. அட்டையில் ம எழுதி அதன் தலையில் பொட்டு ஒட்டினால் ம், எடுத்தால் ம. இதை நான் யோசித்துச் செய்யவில்லை, அவளே என் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டினாள்.

இழுப்பு அட்டை

கொம்பு வந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். கா, மா, பா எல்லாம் சுலபம், எழுத்துக்குப் பின்னால் கால் வருகிறது, படிக்கும் வரிசையும் அதுதான். ஆனால் கெ என்று எழுதினால் கண்ணில் முதலில் படுவது கொம்பு. க இன்னும் வரவே இல்லை. பாப்பா கொம்பில் விரலை வைத்துக்கொண்டு "இது என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எழுதச் சொன்னால் க-வை எழுதிவிட்டு வலப்பக்கம் கொம்பு போடுவாள். அவள் கேட்ட வரிசையில் அது சரிதானே! ஒரு வாரம் திட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் செய்தது இது. தடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். வழவழப்பானது வேண்டாம், பேனா வழுக்கும். ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, அதில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல், இரண்டுக்கும் நடுவில் நாடா மாதிரி ஒரு துண்டு அட்டையைப் பின்னாலிருந்து முன்னால் விட்டு மறுபடி பின்னால் எடுக்க வேண்டும். இடது நாடாவில்: வெற்றிடம், ெ, ே, ை. நடு நாடாவில்: க, ட, ப, ம, த, ல, வ. வலது நாடாவில்: வெற்றிடம், ா. கௌ-வை நான் சேர்க்கவில்லை, அவசரமில்லை.

இங்கே இரண்டு தப்பு செய்தேன். கீறலை நாடாவின் அகலத்துக்குச் சரியாகப் போட்டேன், இழுத்தால் நகரவில்லை, கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்ததும் கிழிந்தது. இரண்டு நூல் (கால் இன்ச்) கூடுதலாக விடுங்கள். அடுத்த அட்டையில் எழுத்துகளை முதலிலேயே நாடாவில் எழுதிவிட்டு உள்ளே நுழைத்தேன், ஜன்னலில் பாதி க-வும் பாதி ட-வும் தெரிந்தது. நாடாவை நுழைத்துவிட்டு, ஜன்னலில் தெரிகிற இடத்தில் ஒரு எழுத்து எழுதி, இழுத்து, அடுத்ததை எழுத வேண்டும். மூன்றாவது அட்டைதான் உருப்படியாக வந்தது.

பயன்படுத்துவது எப்படி என்றால், இடமும் வலமும் வெறுமையாக வைத்துவிட்டு நடுவில் க. அவள் "க" என்று சொன்ன பிறகு இடது நாடாவை இழுக்க வேண்டும், கொம்பு வந்து நிற்கும், "கெ". எழுத்து வீட்டுக்காரர், கொம்பு விருந்தாளி, வீட்டுக்காரர் பெயரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ஒரு கதை கட்டினேன். கெ இருக்கும்போது வலது பக்கம் கால் வந்தால் கொ, இரட்டைக் கொம்போடு கால் வந்தால் கோ. இழுப்பது அவள் கையாக இருக்க வேண்டும், உங்கள் கையாக இருந்தால் பயனில்லை. நாலே நாளில் மேகம், பை, கோலம் படித்தாள். கி, கீ-க்கு அட்டை வேண்டாம், தலையில் சுழிப்பதைச் சிலேட்டில் போட்டாலே பிடித்துக்கொள்வார்கள்.

நடுவில் ஒரு கூத்து. நான் மிஷினில் இருந்த நேரத்தில் அப்பத்தா உட்கார்ந்து "தலை" எழுதிக் காட்டியிருக்கிறார், லை-யை யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்தில். பாப்பா அட்டையில் அதைத் தேடித் தேடி அழுகை. ணை, லை, ளை, னை எல்லாம் இப்படித்தான் தும்பிக்கையோடு இருந்தன, 1978-இல் தமிழ்நாடு அரசு மாற்றியது. என் மாமியார் அதற்கு முன்னாலேயே படித்து முடித்தவர். அவரைத் திருத்த முடியாது, அதனால் "அப்பத்தா காலத்து லை" என்று தனியாக ஒரு அட்டையில் எழுதி வைத்துவிட்டேன்.

கு-வுக்கு அட்டை உதவாது

இழுப்பு அட்டை கொடுத்த தைரியத்தில் உகரத்துக்குப் போனேன், தடாலென்று விழுந்தோம். கா, கெ, கை எல்லாவற்றிலும் குறி தனியாக நிற்கிறது. கு, து, பு-வில் குறி எழுத்தோடு கரைந்துபோகிறது, எழுத்துக்கு எழுத்து வேறு மாதிரி வேறு. கு தெரிந்த பிள்ளைக்குத் து தானாக வராது. பதினெட்டையும் மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்று இருந்தபோது, ராத்திரி ஒரு ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டே பக்கத்தில் சிலேட்டை வைத்து எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றே மூன்று கூட்டம்தான்.

வளைந்து சுழிப்பவை: கு, டு, மு, ரு, ழு, ளு.
வலப்பக்கம் நேராகக் கீழே இறங்குபவை: சு, பு, யு, வு.
அடியில் போய் வலப்பக்கம் மேலே நிமிர்பவை: ணு, து, நு, லு, று, னு.

ஙு, ஞு இரண்டையும் விட்டுவிடுங்கள். அவை வருகிற சொல்லை உங்கள் பிள்ளை பார்க்கப் போவதில்லை.

வெட்டுத்துணியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என மூன்று சுருக்குப் பை தைத்து, எழுத்து அட்டைகளைக் கூட்டம் கூட்டமாகப் போட்டுவைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பை. பையிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும், தரையில் சாக்பீஸால் நான் பெரிதாக எழுதியதன் மேல் நடந்து பார்க்க வேண்டும். விரலால் தடவுவதைவிட நடப்பது அவளுக்கு வேகமாக ஏறியது. மூன்று வாரம் ஆனது, அவசரப்படாதீர்கள். ஊகாரத்தில் கூட்டங்கள் பெரும்பாலும் அப்படியே தொடரும், பச்சைப் பையில் இருக்கும் சு மட்டும் சூ ஆகும்போது கூ பக்கம் கட்சி மாறிவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, "பொய் சொல்லிட்டே" என்று அரை நாள் பேசவில்லை.

எண்கள்

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, பத்துக்குப் பத்தாகக் கட்ட தென்னங்குச்சி. பத்துக் குச்சி சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. கட்டை அவளே போட வேண்டும், அதுதான் பாடம்.

இருபத்தைந்து எழுதச் சொன்னால் 205 என்று எழுதுவார்கள். காதில் இருபது, ஐந்து என்று விழுகிறது, அப்படியே எழுதுகிறார்கள், அதில் தப்பில்லை. நீளமான அட்டையில் 20, அதில் பாதி நீளமுள்ள அட்டையில் 5 எழுதி, 20-இன் பூஜ்யத்துக்கு மேல் 5-ஐ வைத்து மூடிக் காட்டுங்கள். பூஜ்யம் அடியில் ஒளிந்திருக்கிறது என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து எண்பத்தொன்பது தாண்டும்போது. இருபது, முப்பது, எழுபது, எண்பது என்று வந்த பிள்ளை "ஒன்பப்பது" என்றுதான் சொல்லும். நாம் தொண்ணூறு என்கிறோம், அதில் நூறு என்று காதில் விழுந்ததும் குழந்தை ஓடிப்போய் 100 எழுதும். இதற்குக் குறுக்குவழி இல்லை. ஒன்பது கட்டை எண்ணிவைத்து, "நூறுக்கு ஒரு கட்டு குறைச்சல், அதுதான் தொண்ணூறு" என்று தினமும் ஒருதரம் சொன்னேன்.

வரிசை பழக டெய்லர் டேப்பைவிட நல்ல சாமான் இல்லை. சென்டிமீட்டர் பக்கம் 150 வரை இருக்கும், தரையில் நீட்டி விரித்துப் புளியங்கொட்டையை 37-இல் வை, 52-இல் வை என்று சொல்லலாம். வீட்டுக் கதவு, பூனை, அப்பாவின் கால் என்று எல்லாவற்றையும் அளந்தாள். பூனை ஒத்துழைக்கவில்லை.

படிக்கப் புத்தகம்

ஒன்றாம் வகுப்புப் பாடநூல் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இருக்கின்றன, நிலை ஒன்றில் பக்கத்துக்குச் சில வரிகள்தான், இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. கலர் பிரிண்டுக்கு எனக்குக் கட்டுப்படியாகாது, அதனால் காலண்டர் தாளின் பின்பக்கம் வரிகளை நான் எழுதுவேன், படத்தை அவள் வரைவாள், ஊசி நூலால் தைத்தால் புத்தகம். மதுரைக்காரர்கள் புதுநத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மற்றபடி பெட்டிக்கடையில் தொங்கும் பேப்பர் வால்போஸ்டர்தான் எங்களுக்குத் தினசரிப் பாடம். எழுத்து பெரிது, காசும் இல்லை. என்ன, சில நாள் "கொலை" என்று சத்தமாகப் படிப்பாள், கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

பிறகு சேர்த்தது

பல்பம் தின்னும் பிள்ளைகளைப் பற்றி நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். பாப்பாவும் தின்றாள். அடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், இரும்புச்சத்துக் குறைவாக இருந்தாலும் மண், சாக்பீஸ் தின்னத் தோன்றும். அவளுக்கு அதுதான் இருந்தது. மருந்து முடியும்வரை தரையில் கரித்துண்டால் எழுதினோம்.

"கொடி"யைப் பிள்ளை "கெரடி" என்று படிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். காலும் ர-வும் ஒரே மாதிரி தெரிவதால் வருவது. ர எழுதும்போது அடியில் சின்னச் சாய்வாக ஒரு வால் போட்டுப் பழக்குங்கள், காலுக்கு வால் கிடையாது. இழுப்பு அட்டையில் காலைச் சிவப்பு மையால் எழுதினாலும் சரியாகிவிடும்.

இன்னொருவர் வீட்டில் குழந்தை ஜன்னலை அளந்து 149 என்று சொல்லியிருக்கிறது, அப்பா அளந்தால் 1. டேப்பை எடுத்துப் பாருங்கள். பல டேப்புகளில் இன்ச் பக்கம் ஒரு முனையிலும் சென்டிமீட்டர் பக்கம் எதிர் முனையிலும் தொடங்கும், திருப்பிப் பிடித்தால் எல்லாம் தலைகீழ். சென்டிமீட்டர் தொடங்கும் முனையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள்.