பைலோகார்பின் சொட்டு: விடும் முறையும், உடம்பில் கவனிக்க வேண்டியதும்

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவுக்கு இப்போது டாக்டர்கள் பெரும்பாலும் வேறு சொட்டுகளைத்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் சிலருக்குப் பைலோகார்பின் இன்னும் தேவைப்படுகிறது. கண்ணின் நிறப்பகுதியான ஐரிஸில் லேசர் துளை போடும் முன்பும் விடுவார்கள்.

நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைப் போலவே இதுவும் மஸ்கரினிக் ஏற்பிகளை, அதாவது அந்த ரசாயனம் வந்து ஒட்டும் செல் முனைகளை, தூண்டுகிறது. கண்ணின் பாப்பாவைச் சுருக்கும் தசை இறுகும். லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரி தசையும் இறுகி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் சல்லடையை இழுத்துத் திறந்துவிடும், அழுத்தம் குறையும். ஆனால் இதே ஏற்பிகள் எச்சில், வியர்வைச் சுரப்பிகளிலும் மூச்சுக்குழாய், குடல், மூத்திரப்பை, இதயத்திலும் உண்டு. மற்ற இடங்களில் சுரப்பும் இறுக்கமும் கூடும். இதயத்தில் மட்டும் துடிப்பு மெதுவாகும். அதனால் மருந்தைக் கண்ணோடு நிறுத்துவதுதான் சொட்டு விடுவதில் பாதி வேலை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்தால் சின்னப் பை போல ஒரு பள்ளம் தெரியும். பாட்டில் நுனி இமையில் படாமல் அதில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அந்தப் பள்ளம் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும். ஒரு சொட்டே 30 முதல் 50 வரை இருக்கும். ‘சேர்த்து விட்டால் சீக்கிரம் கேட்கும்’ என்று விடும் இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழியும், அல்லது மூக்குக்குள் இறங்கும். கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரல் நுனியால் 2, 3 நிமிடம் அழுத்துங்கள். இமையின் நடுவில் அழுத்திப் பயனில்லை. கண்ணீர்க் குழாய் இருப்பது மூலையில். தொண்டையில் கசந்தால் மருந்து உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

பாப்பா சுருங்க 10 முதல் 30 நிமிடம் ஆகும். அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் குறைந்தது போல இருக்கும். விடியுமுன் இருட்டில் மாட்டுத்தாவணிக்குப் பூக்கூடையோடு வண்டியில் கிளம்புகிறவர்கள் இதை டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக் கேட்கலாம். புருவத்துக்கு மேல் வலிப்பது சிலியரி தசை இறுகுவதால். பெரும்பாலும் சில நாளில் தணியும். கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, திரை விழுந்தது போல மறைத்தாலோ காத்திருக்காதீர்கள். விழித்திரை விலகியிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

மே மாத மதுரையில் வியர்வையை வைத்து எதையும் சொல்ல முடியாது. வியர்வையோடு எச்சில் ஊறுவது, வயிற்றைப் பிடித்து இழுப்பது, தண்ணீராகப் போவது, நாடி மெதுவாவது சேர்ந்து வந்தால் மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது; உடனே டாக்டரைப் பாருங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் மருந்தைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியுமாக அழுத்தம் ஏறினால் வீட்டிலேயே மேலும் மேலும் சொட்டு விடாதீர்கள். அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது ஐரிஸ் தசைக்கு ரத்தம் போதாது. மருந்து வேலை செய்யாது.

உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. சேர்ந்துபோகும் அசிட்டைல்கோலின் இதே ஏற்பிகளைத் தாக்குவதால் பாப்பா ஊசிமுனையாகும், எச்சில் வழியும், நெஞ்சில் சளி கட்டும். தசை துடித்துத் தளர்ந்தால் அது பூச்சிமருந்தின் வேலை. மஸ்கரினிக் ஏற்பியால் வருவதில்லை. சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்பால் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டில் லேபிளையும், கண்சொட்டு விடுகிறவர் என்பதையும் அவசியம் சொல்லுங்கள்: சொட்டால் ஏற்கனவே சுருங்கிய பாப்பாவை வைத்து விஷத்தை அளக்க முடியாது. விஷமுறிவாகப் போடும் அட்ரோபின் ஊசி போதுமா என்று டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது நெஞ்சுச் சளி வற்றுகிறதா, நாடி ஏறுகிறதா என்பதைத்தான்.