லேசர் கண் சிகிச்சை: பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கண்ணாடிக் கடையோடு பார்வைப் பரிசோதனையும் செய்துவருகிறேன். மைனஸ் பவரைப் போக்கிக்கொள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போகிறவர்களில் பலர், போகிற வழியில் என்னிடம் யோசனை கேட்பார்கள். பதினெட்டு வயதாக வேண்டும், ஒரு வருடமாவது பவர் மாறாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

சிகிச்சையின் பெயரை முதலில் முடிவு செய்வது

சென்ற மாதம் ஒரு பெண்ணை அவளுடைய மாமா அழைத்து வந்தார். மூன்று மருத்துவமனைகளின் கட்டணத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பி.ஆர்.கே. மலிவு, லாசிக் நடுத்தரம், ஸ்மைல் விலை அதிகம். "இருப்பதில் நல்லதையே செய்துவிடலாம் சார்" என்றார். கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் ஒளிபுகும் படலத்தின் (கார்னியா) தடிமன் என்ன என்று கேட்டேன். யாரும் இன்னும் அளக்கவே இல்லை. இது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம்.

மூன்றும் கருவிழியின் வளைவைக் குறைப்பவைதான். லாசிக்கில் மேலே மெல்லிய மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மடலை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் மறுநாளே பார்வை தெளியும். ஸ்மைலில் மடல் இல்லை. கருவிழிக்குள்ளேயே லென்ஸ் வடிவத் துண்டு ஒன்றை லேசரால் பிரித்து, 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக எடுத்துவிடுவார்கள். பி.ஆர்.கே.யில் மேற்படலத்தை நீக்கிவிட்டு நேராகச் செதுக்குவார்கள். சில நாள் வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்காகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கருவிழியின் தடிமன் 480 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.), பவர் மைனஸ் 6. ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் வீதம் 90 போகும். லாசிக் மடலுக்கு 110. மிஞ்சுவது 280. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது விதி. கவனமான மருத்துவர்கள் 300 கேட்பார்கள். மடலே வெட்டாத பி.ஆர்.கே. இந்தக் கண்ணுக்கு அதிகத் திசுவை மிச்சம் வைக்கும். விலைப்பட்டியலில் மலிவாக இருப்பதுதான் இங்கே பொருத்தம்.

தடிமன் மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். கருவிழியின் வளைவை நிறங்களாகக் காட்டும் டோபோகிராபி வரைபடத்தில் கருவிழியின் கீழ்ப்பாதி மட்டும் சிவந்து தெரிந்தால், அது கூம்பாகத் துருத்தத் தொடங்கியிருக்கலாம். அந்தக் கண்ணுக்குப் பொதுவாக லேசரே வேண்டாம் என்பார்கள்.

சலுகைக் கட்டணத்தைப் பார்த்து வேறோர் ஊரில் அவசரமாகச் செய்துகொண்ட இளைஞர் ஒருவர், ஓரிரு வருடம் கழித்து வந்தார். சோதனைச் சட்டகத்தில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டேன். எதைப் போட்டாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே மங்கலான இன்னோர் எழுத்து. பலவீனமான கருவிழி செதுக்கிய பிறகு முன்னே பிதுங்கிவிட்டது. இனிக் கண்ணாடி போதாது; கடின லென்ஸ், மேலும் பிதுங்காமல் தடுக்கும் சிகிச்சை, மோசமானால் கருவிழி மாற்று. பேசி முடிக்கும்வரை விரல் முட்டியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

கண்ணைக் கசக்குவது

நிறுத்துங்கள். சிகிச்சைக்கு முன்பும், பின்பும்.

பரிசோதனைக்கு முந்தைய நாள்வரை கான்டாக்ட் லென்ஸ் போடுவது

லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றும், அளவு பொய்யாகும். மென்மையான லென்ஸை ஒன்றிரண்டு வாரம், கடினமானதை மூன்று நான்கு வாரம் விட்டுவிட்டுப் போங்கள்.

காற்றுக் காலத்தில் நாள் குறிப்பது

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நம் ஊரில் நல்ல கண்ணையே உலர்த்திவிடும். லாசிக் மடலோடு கருவிழி நரம்புகளும் வெட்டுப்படுவதால் சில மாதங்களுக்கு வறட்சி இருக்கும். ஸ்மைலில் இது சற்றுக் குறைவு. தினமும் பைக்கில் கோயம்புத்தூர் போகிறவர்கள் காற்று ஓய்ந்த பிறகு செய்துகொள்ளலாம்.

விழித்திரையை மறப்பது

லேசர் கருவிழியைத்தான் மாற்றுகிறது. மைனஸ் பவர் உள்ள கண் பெரும்பாலும் வழக்கத்தைவிட நீண்டிருக்கும்; அது நீளமாகவேதான் இருக்கும். அதிகப் பவர் இருந்தவர்களுக்கு விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே தொடர்கிறது. திடீரெனக் கண்ணுக்குள் மின்னல்போல் ஒளி தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பழைய அளவுச் சீட்டைத் தொலைப்பது

பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, செதுக்கிய கருவிழியின் அளவு மருத்துவரைத் தவறான கணக்குக்குக் கொண்டுபோகும். சிகிச்சைக்கு முந்தைய அளவுகளின் நகலை ஆதார் அட்டை வைத்திருக்கும் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.