ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தையைத் தட்டம்மையிலிருந்து காப்பது எப்படி?

நம் நாட்டு அட்டவணைப்படி தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் நிரம்பியதும், இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் போடப்படுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குழந்தையின் இரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. ஆனால் பல குழந்தைகளுக்கு அந்த எதிர்ப்பாற்றல் ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே குறைந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் குழந்தையைக் காக்க வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் பெரியவர்களே.

தொடக்கத்தில் தட்டம்மை சாதாரணச் சளியைப் போலவே இருக்கும். காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறும், மூக்கு ஒழுகும், வறட்டு இருமல் வரும், கண் சிவந்து நீர் வடிய, குழந்தை வெளிச்சத்தைப் பார்க்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது பகல் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள்: சிவந்த சதையில் உப்புக்கல் தூவினாற்போல வெண்புள்ளிகள் இருந்தால் அது தட்டம்மையே என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். ஓரிரு நாளில் அவை மறைந்துவிடும் என்பதால், புள்ளி இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காய்ச்சல் தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாட்களில் காதுக்குப் பின்னாலும் நெற்றியின் முடியோரத்திலும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, கால் என்று கீழிறங்கும். மாநிறக் குழந்தைகளிடம் சிவப்பு எளிதில் தெரியாது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மணல் வாரி இறைத்ததுபோல் சொரசொரக்கும். மணல்வாரி என்று நம் பெரியவர்கள் பெயரிட்டது பொருத்தமானதே. சின்னம்மையில் நீர்க்கொப்புளம் எழும்; இதில் எழாது.

ஐயம் வந்தால் மருத்துவமனைக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அறைக் காற்றில் இருக்கும். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்புவரை தொற்றும். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை என்றாலும், வயதுக்கேற்ற அளவில் மருத்துவர் இரண்டு நாள் கொடுக்கும் வைட்டமின் ஏ பார்வையையும் உயிரையும் காக்கிறது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வாசலில் வேப்பிலை செருகி வெளியாரை வரவிடாமல் வைப்பதில் நன்மையே உண்டு. ஆனால் அம்மனுக்கு ஆகாது என்று மருந்தையும் உணவையும் மறுப்பது குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும். மூச்சு வாங்கினாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

நோயாளியின் அருகில் குழந்தை இருந்துவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்கு 72 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம். அந்தத் தவணை கணக்கில் சேராது, வழக்கமான இரண்டையும் பின்னர் போட்டாக வேண்டும். அதற்கும் இளைய குழந்தைக்கு ஆறு நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பாற்றலை நேரடியாகச் செலுத்தும்) ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். அண்ணன், அக்காவின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தவணை விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடலாம். ஊசி போடாத தாய், பாலூட்டும் காலத்திலேயே போட்டுக்கொள்ளலாம். கர்ப்பக் காலத்தில் மட்டும் கூடாது. ஒன்பது மாதம் நிரம்பும் நாளில் குழந்தைக்கு இலேசான சளி இருந்தாலும் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.