ஆட்டுக் குடலின் நாடாப்புழுவில் ஈயத்தை அளக்கும் முறை

மதுரையைச் சுற்றி மேயும் செம்மறிகளில் பல, வைகைக்குள் சாக்கடை கலக்கும் கரையிலோ நான்குவழிச் சாலையின் ஓரத்திலோ பசி ஆறுகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டாலும், மண்ணில் படிந்த ஈயம் எளிதில் அகலுவதில்லை. அது ஆட்டின் உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறிய வழக்கமாக ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதிப்பார்கள். சிறுகுடலில் உள்ள நாடாப்புழுவையும் சேர்த்துச் சோதியுங்கள் என்று விலங்கியல், கால்நடை மருத்துவ மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் இதுதான். இரத்தத்தில் சேர்ந்த ஈயத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் பித்தநீரோடு குடலுக்குள் தள்ளுகிறது. குடல் அதில் ஒரு பங்கை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. நாடாப்புழுவுக்கும், முள் நிறைந்த முன்முனையால் குடற்சுவரைப் பற்றி வாழும் முள்தலைப் புழுவுக்கும் வாயும் குடலும் கிடையாது என்பதால், அவை உடற்பரப்பு முழுவதாலும் உணவை உறிஞ்சும்போது பித்தநீரோடு வந்த ஈயத்தையும் எடுத்துக்கொள்கின்றன. ஜெர்மனியில் பெர்ன்ட் சூரஸும் அவருடைய குழுவினரும் 1990-களில் ஆற்று மீன்களை ஆராய்ந்தபோது, முள்தலைப் புழுவில் இருந்த ஈயத்தின் செறிவு அதே மீனின் தசையில் இருந்ததைப் போல் ஏறத்தாழ 2,700 மடங்கு வரை இருக்கக் கண்டனர். செம்மறியின் மொனீசியா நாடாப்புழுவிலும் ஈயம் சேர்வது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

இந்த வேலையில் பெரும்பாலான பிழைகள் ஆய்வகத்தில் நேர்வதில்லை. ஆடுகளைத் தேர்ந்தெடுக்கும்போதே நேர்ந்துவிடுகின்றன. மொனீசியா பெரும்பாலும் குட்டிகளில்தான் இருக்கும். காட்மியம் போன்ற உலோகங்களோ வயது ஏற ஏறச் சிறுநீரகத்தில் கூடும். ஆகவே புழு உள்ள குட்டியையும் புழு இல்லாத கிழட்டு ஆட்டையும் ஒப்பிட்டால், வயதின் விளைவைப் புழுவின் விளைவாகத் தவறாக எழுதிவிடுவோம். ஒரே வயது, ஒரே இனம், ஒரே கிடை என்று பொருந்தும் ஆடுகளையே புழு உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரியுங்கள். வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கருப்பு ஆட்டை ஓரிடத்திலும் வேறோர் இனத்தை இன்னோரிடத்திலும் எடுத்து ஒப்பிடுவது பயன் தராது. ஆடுகள் எங்கே மேய்ந்தன, கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தார்கள் என்பதை ஆட்டுக்கிடையை நடத்தும் கீதாரியிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அல்பெண்டசோல் கொடுத்துச் சில நாள்களே ஆன குடலில் புழு இல்லாதது எதையும் காட்டாது. இடங்களையும் ஒப்பிட விரும்பினால், புழு உள்ளவை, இல்லாதவை என்ற இரு பிரிவையும் நகரச் சாலையோர மேய்ச்சலிலும், அழகர்மலை அடிவாரம் போன்ற ஒதுக்குப்புறத்திலும் தனித்தனியே தேர்ந்தால் ஒப்பீடு தெளிவாக அமையும்.

அறுப்பு முடிந்தவுடன் குடலைப் பெறுங்கள். புழு மிகுந்திருந்தால் வெள்ளை நாடா போல் குடற்சுவர் வழியாகவே தெரியும். கையுறை அணிந்து சிறுகுடலை நீளவாக்கில் கீறி, புழுவைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து, 0.9 சதவீத உப்புக் கரைசலில் பல முறை அலசுங்கள். மேயும் ஆடு புல்லோடு மண்ணையும் விழுங்குகிறது. அந்த மண் புழுவின் மேல் ஒட்டியிருந்தால் அளவு பொய்யாகக் கூடிவிடும். கண்மாய் விராலின் குடலில் காணும் முள்தலைப் புழுவுக்கும் இதே முறை பொருந்தும். கரைசல் மட்டும் 0.7 சதவீதமாக இருக்க வேண்டும். புழுவோடு ஈரல், சிறுநீரகம், தசை, குடற்சுவர் ஆகியவற்றிலும் சிறு துண்டுகளை எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் குப்பிகளில் உறையவையுங்கள். ஃபார்மலினில் போட வேண்டாம். உலோகம் அதற்குள் கசியவும் கூடும், அதிலிருந்து திசுவில் ஏறவும் கூடும்.

பின்னர் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் கரைத்து, அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளக்க வேண்டும். திசு சேர்க்காத வெற்றுக் கரைசலையும், அளவு சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்து ஓட்டுங்கள். புழுவின் செறிவை ஆட்டுத் திசுவின் செறிவால் வகுத்தால் கிடைப்பதே செறிவுக் காரணி. இரண்டும் உலர் எடைக்கோ இரண்டும் ஈர எடைக்கோ கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். திசுவில் பெரும்பகுதி நீர் என்பதால், கலந்து வகுத்தால் விடை பல மடங்கு பிசகும்.

புழுவில் ஈயம் மிகுந்தும், அதே ஆட்டின் ஈரலில் குறைந்தும் காணப்பட்டால், புழு ஆட்டைக் காக்கிறது என்று எழுதத் தோன்றும். நான் அவ்வாறு எழுத மாட்டேன். குட்டியின் உணவைப் பறிக்கும் புழு ஈயத்தில் ஒரு பங்கை ஏந்திக்கொள்வதால் நன்மை செய்வதாகிவிடாது. இதைக் காட்டிப் பூச்சி மருந்தை நிறுத்தும்படி எந்தக் கீதாரியிடமும் சொல்லக் கூடாது. எல்லா உலோகமும் ஒரே போலச் சேர்வதில்லை. பித்தநீரோடு குடலுக்கு வராத உலோகத்தில் இதே விளைவை எதிர்பார்க்க முடியாது. உருளைப்புழுவுக்குச் சொந்தக் குடல் உண்டு. அது பெரும்பாலும் இவ்வளவு சேர்ப்பதில்லை என்பதால் அதைத் தனிக் கணக்காக வையுங்கள்.

மிஞ்சிய குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். ஈரலில் நாடாப்புழுவின் இளம்பருவம் அடங்கிய நீர்க்கட்டி இருந்தால், அதைத் தின்னும் நாயின் குடலில் வேறொரு நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை மனிதருக்கும் தொற்றக்கூடும்.