டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கான செயலி: சோதிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கலால் வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் அச்சடித்த கேள்வித்தாளை நீட்டி, "செயலி எப்படி இருக்கு?" என்று கேட்பதில்தான் பலரும் முதலில் சறுக்குகிறார்கள். ஒரு கருவி பயன்படுத்த எளிதா என்று பயனரிடமே கேட்டு அளக்க, 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். அளவுகோலில் 10 வாக்கியங்கள். ஒன்று புகழும், அடுத்தது குறை சொல்லும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். பெரியவர்களே தடுமாறும் இதைப் பிள்ளையிடம் கொடுத்தால், செயலியை விட்டுவிட்டுப் பிள்ளையின் வாசிப்பைச் சோதித்துவிட்டு வருவோம். சிரித்த முகம், அழுத முகம் காட்டினாலும் சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகச் சிரிக்கும் முகத்தைத்தான் தொடுவார்கள். டீச்சர் வருத்தப்படக் கூடாதே! கேட்பதை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: விரல் எங்கே தயங்குகிறது, எந்தத் திரை வந்ததும் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கிறது?

ஆங்கிலச் செயலிகளுக்கான சோதனைப் பட்டியலை அப்படியே தமிழ்ச் செயலிக்கு வைப்பது இதைவிடப் பெரிய தவறு. ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'பி'யும் (b) 'டி'யும் (d) கண்ணாடிப் பிம்பம்போல இருப்பதால் அந்தக் குழப்பத்தைச் சோதிக்கிறார்கள். தமிழில் சிக்கலே வேறு. 'கெ' என்பதில் காதுக்கு முதலில் வருவது 'க்'. கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. 'கொ'வில் எழுத்தின் இரு பக்கமும் குறி. 'கௌ'வையும் 'கெள'வையும் கண்ணால் பிரிப்பதே பாடு. ண, ன சுழிக்கணக்கும் ல, ள, ழ ஒலியும் தனி. எழுத்துகளை இழுத்துச் சேர்க்கும் விளையாட்டு என்றால், கொம்பைத் தனித்துண்டாக நடத்துகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வழிகாட்டும் டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் 2018-இல் வந்த 2.1 பதிப்பு, வரி இடைவெளிக்கு எழுத்தளவில் 1.5 மடங்கு, எழுத்து இடைவெளிக்கு 0.12 மடங்கு என்கிறது. அந்த அளவில்தான் வடிவமைக்க வேண்டும் என்று பலர் படித்துவிடுகிறார்கள். பயனர் அப்படி மாற்றிக்கொண்டால் திரை சிதையக் கூடாது என்பதே அங்கே சொன்னது. தமிழில் மேலே புள்ளி, கீழே 'பூ'வின் வால். இரண்டும் வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்ததாகச் சொல்லும் 'டிஸ்லெக்சியா எழுத்துரு' இருந்தாலே மதிப்பெண் தருவதும் வேண்டாம். அது வாசிப்பு வேகத்தைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஒலிபெருக்கிப் பொத்தான் இருந்தால் போதுமா? கடல், தங்கம், பகல் மூன்றிலும் 'க' வேறு வேறு ஒலி. இயந்திரக் குரல் மூன்றையும் ஒன்றாக ஒலித்தால் பிள்ளை தப்பாகவே கற்கும். பாடத்தை வாசித்துக் காட்டும் செயலி, 'இப்போது என்ன செய்ய வேண்டும்' என்ற அறிவிப்பை வெறும் எழுத்தில் விட்டிருப்பதும் உண்டு. பிள்ளை மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அதுதான்.